ஆர்மீனியாவில் 8 நாள், சைவப் பெற்றோருடன்: பாதை, சாப்பாடு, மடாலய நடைமுறை, லவாஷ்

#1 பாரிமுனை_வாசி

செப்டம்பர் கடைசி வாரம் நான்கு பேர் ஆர்மீனியா கிளம்புகிறோம். இருவர் 65-ஐத் தாண்டியவர்கள். நன்றாக நடப்பார்கள், செங்குத்துப் படி மட்டும் சிரமம். அவர்களுக்குச் சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர் உண்டு. 8 முழு நாள், ஓட்டுநரோடு வாடகைக் கார்.

பட்டியலில் யெரெவான், கார்னி, கெகார்ட், கோர் விராப், நோராவாங்க், தாத்தெவ், செவான், தில்லிஜான், ஹக்பாட், கியும்ரி எல்லாம் இருக்கின்றன. எதை வெட்டலாம்? சைவத்துக்கு என்ன வழி? மடாலயங்களுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? லவாஷ் ரொட்டியை இங்கே வீட்டில் செய்ய முடியுமா என்பது உபகேள்வி.

#2 மலைப்பாதை

முதலில் கியும்ரியை எடுத்துவிடுங்கள். கறுப்பும் சிவப்புமான டஃப் கல் வீடுகள் நிறைந்த நல்ல ஊர். 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தின் தழும்புகளும் அங்கே தெரியும். ஆனால் அது வடமேற்கு மூலை. உங்கள் மற்ற இடங்கள் எதற்கும் போகிற வழியில் வராது.

நாடு சிறியது, தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் குறைவு. ஆனாலும் கிலோமீட்டரை வைத்து நேரம் போடாதீர்கள். எல்லாம் மலைச்சாலை, மணிக்கு 50 கி.மீ. என்று கணக்கிட்டால்தான் பெரியவர்கள் களைக்காமல் வருவார்கள்.

நாள் 1 யெரெவான். நாள் 2 கார்னி, கெகார்ட் போய்த் திரும்பல்; கார்னி 28 கி.மீ., அங்கிருந்து கெகார்ட் இன்னும் 9 கி.மீ. போல. நாள் 3 காலையில் கோர் விராப், மதியம் அரேனி, மாலை வெயிலில் நோராவாங்க், இரவு யெகெக்நாட்சோரில் தங்கல். நாள் 4 தாத்தெவ், இரவு கோரிஸ். நாள் 5 கோரிஸிலிருந்து திரும்பி செலிம் கணவாய் ஏறி, நோராதூஸ் வழியாக செவான் ஏரி, இரவு தில்லிஜான். நாள் 6 தில்லிஜானிலேயே ஹகார்ட்சின், கோஷாவாங்க். நாள் 7 ஹக்பாட், சனாஹின். நாள் 8 யெரெவான் திரும்பி, ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின்.

செலிம் வழியை விடாதீர்கள். போன வழியே யெரெவானுக்குத் திரும்பி அங்கிருந்து செவான் போகத்தான் பல ஓட்டுநர்கள் சொல்வார்கள். கணவாய் 2,410 மீட்டர், செப்டம்பரில் திறந்திருக்கும், பனிக்காலத்தில்தான் அடைபடும். உச்சிக்குச் சற்றுக் கீழே 1332-இல் ஓர்பெலியான் குடும்பத்தார் கட்டிய வணிகச் சத்திரம் முழுசாக நிற்கிறது. உள்ளே மூன்று பத்தி: நடுவே கால்நடைக்கு, இருபக்கமும் ஆட்களுக்கு. ஓட்டில் விட்ட சிறு துளைகள் வழியேதான் வெளிச்சம், கைவிளக்கு கொண்டுபோங்கள்.

#3 கல்_வாசிப்பு

வரிசை சரி, ஆனால் தாத்தெவும் ஹக்பாட்டும் ஒரே பயணத்தில் வேண்டாம். ஒன்று தெற்கு, மற்றொன்று ஏறக்குறைய ஜார்ஜியா எல்லை. 65 வயதுக்காரர்களை நாள் 4-லிருந்து 7 வரை காரிலேயே உட்கார வைத்துவிடுவீர்கள்.

படிக்கட்டுதான் பிரச்சினை என்றால் இடங்களை இப்படிப் பாருங்கள். கார்னி கோயிலின் முன்படிகள் 9தான், ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 30 செ.மீ. உயரம், கைப்பிடி இல்லை. கீழே நின்று பார்த்தாலே போதும். கோர் விராப்பில் புனித கிரிகோரை 13 ஆண்டு அடைத்து வைத்ததாக மரபு சொல்லும் குழி சுமார் 6 மீட்டர் ஆழம். இறங்குவது நேர்குத்தான இரும்பு ஏணியில், உள்ளே காற்றும் குறைவு, பெரியவர்களை இறக்கவே கூடாது. நோராவாங்கில் மாடிக்கோயிலுக்குப் போகும் கல்படி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு பாதம் வைக்கும் அகலம். இளைஞர்களே இறங்கும்போது பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்குகிறார்கள். செவான் தீபகற்பத்தில் இருநூறுக்கும் மேல் படி, அகலமானவை, நின்று நின்று ஏறலாம். ஹக்பாட், ஹகார்ட்சின் இரண்டிலும் கார் வாசல் அருகே போகும்.

தாத்தெவுக்கு ஹலிட்சோரிலிருந்து கம்பிவட ஊர்தி உண்டு. 5.7 கி.மீ., 12 நிமிடம் போல, 2010-இல் திறந்தது. பெரியவர்களுக்கு அது சௌகரியம். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் காலை முதல் சுற்றுகளுக்குள் போங்கள். சீட்டில் நேரம் குறித்திருக்கும், இணையத்தில் முன்னரே எடுத்துவிடுவது நல்லது. நின்றுபோனால் பள்ளத்தாக்கில் வளைந்து இறங்கி ஏறும் சாலை இருக்கிறது, வயிற்றைக் கலக்கும்.

என் கணக்கு: தாத்தெவை வைத்துக்கொண்டு ஹக்பாட்டை விடுங்கள். மிஞ்சும் நாளை யெரெவானுக்கும் தில்லிஜானுக்கும் அரை அரையாகக் கொடுங்கள்.

#4 மலைப்பாதை

கல்_வாசிப்பு சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். தலைச்சுற்றல், வாந்தி வருகிறவர் கூட இருந்தால் தாத்தெவை வெட்டி ஹக்பாட்டை வைப்பதே மேல். ஹக்பாட், சனாஹின் இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, தேபெத் பள்ளத்தாக்குச் சாலையில் வளைவு குறைவு. கூட்டமும் குறைவு. இரண்டில் ஒன்று என்பதில் மட்டும் மாற்றமில்லை.

#5 பாரிமுனை_வாசி

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். தாத்தெவ் வைத்துக்கொள்கிறோம், ஹக்பாட் அடுத்த முறை. சாப்பாடு யாராவது சொல்லுங்கள். "இறைச்சி நாடு" என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது, பெற்றோர் இப்போதே புளிக்காய்ச்சல் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

#6 அடுப்பங்கரை

புளிக்காய்ச்சல் கொண்டுபோகட்டும், தப்பில்லை. ஆனால் அங்கே சைவம் இல்லை என்பது சரியல்ல. ஆர்மீனியத் திருச்சபையில் நோன்பு நாட்கள் அதிகம். நோன்பில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். அதனால் நோன்புச் சமையல் என்றே தனி மரபு உண்டு, அதற்கு "பாஸ்" என்று பெயர். "வெஜிடேரியன்" என்று கேட்டால் காய்க்கறி சாலட் வரும். "பாஸ்" என்று கேட்டால் சமையல்காரருக்கே சட்டெனப் புரியும்.

முதலில் தேட வேண்டியது பாசுட்ஸ் தோல்மா. கோஸ் இலையில் கொண்டைக்கடலை, பயறு, பீன்ஸ், கோதுமை ரவை எல்லாம் சேர்த்து உருட்டியது. ஆறவிட்டுத்தான் பரிமாறுவார்கள், பழையதாக வைத்ததோ என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது ஜிங்யாலோவ் ஹாட்ஸ். கராபாக் பகுதியிலிருந்து வந்த பச்சிலை ரொட்டி. மெல்லிய மாவுக்குள் பத்துக்கும் மேற்பட்ட கீரைகளைப் பொடியாக அரிந்து, உப்பும் எண்ணெயும் பிசறி, படகு வடிவில் மூடித் தட்டிக் கல்லில் சுடுவது. பாலோ முட்டையோ கிடையாது. ஒன்று சாப்பிட்டால் ஒரு வேளை ஆயிற்று.

அவேலுக் கட்டாயம். மலைச்சரிவில் தானாக முளைக்கும் புளிப்புக் கீரை வகை. பறித்த இலையை வாடும் முன்பே நம் பூக்காரர்கள் தொடுப்பதுபோலச் சடையாகப் பின்னி, நிழலில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். யெரெவான் கும் சந்தையில் கறுத்த பச்சை நிறத்தில், ஒரு கைமுழ நீளச் சடைகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கும். கிட்டப் போனால் உலர்ந்த வைக்கோலும் தேயிலையும் கலந்த வாசம். வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. பிறகு வெங்காயம், பூண்டு, வால்நட் போட்டு வதக்கல் அல்லது சூப். வாங்கி வரலாம், எடையே இருக்காது.

கரி சுடும் இடங்களில் கத்தரி, தக்காளி, குடைமிளகாயை முழுசாகச் சுட்டுத் தோலுரித்துக் கலக்கும் சாலட் ஒன்று உண்டு, நம் சுட்ட கத்தரிக்காய் கொத்சுக்கு அக்கா தங்கை. வழக்கமாகக் காய்களைத்தான் முதலில் நெருப்பில் வைப்பார்கள், இறைச்சி பிறகு. சீக்கிரம் போய் முதலிலேயே கேட்டுவிட்டால் தனிக் கம்பியில் சுட்டுத் தருவார்கள். தயிருக்கு மட்சூன், மோருக்கு தான் என்று பெயர். "தான்" உப்பு மோர்தான், பெற்றோருக்கு ஆறுதலாக இருக்கும்.

மனப்பாடம் செய்ய இரண்டு வரி: "யெஸ் மிஸ் செம் ஊத்தும்" (நான் இறைச்சி சாப்பிடுவதில்லை), "அரான்ட்ஸ் ம்சி" (இறைச்சி இல்லாமல்).

#7 கோதுமை_நிறம்

மேலே உள்ளதோடு மூன்று எச்சரிக்கை.

ஒன்று, ஸ்பாஸ். மட்சூனும் கோதுமையும் போட்ட சூடான சூப், பார்க்கச் சுத்த சைவம். ஆனால் தயிர் திரியாமல் இருக்க முட்டையும் மாவும் அடித்துக் கலப்பது வழக்கம். முட்டை இல்லாதவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு, பயறு சூப். சில இடங்களில் எலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள். "இறைச்சி உண்டா" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும், ஏனென்றால் துண்டு எதுவும் இல்லையே. "அர்கனாக்" என்றால் இறைச்சிச் சாறு. அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று, ஹரிசா என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கோதுமையும் கோழியும் இரவெல்லாம் வெந்து குழைந்த கஞ்சி. துண்டாகத் தெரியாத அளவுக்குக் கோழி கரைந்திருக்கும். அதேபோல் "சுஜுக்" என்று இரண்டு பொருள் தொங்கும். திராட்சைப் பாகில் வால்நட் மாலையை முக்கி முக்கி எடுத்தது இனிப்பு. மற்றொன்று மசாலா இறைச்சி. நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். "கட்சர் சுஜுக்" என்று கேட்டால் இனிப்பு வரும்.

#8 கல்_வாசிப்பு

மடாலய நடைமுறைக்கு வருகிறேன். செருப்பைக் கழற்ற வேண்டாம். பெண்கள் தலையை மூடுவது வழக்கம், கட்டாயமில்லை, ஒரு துப்பட்டா கையில் இருந்தால் போதும். அரைக்கால் சட்டை வேண்டாம். மெழுகுவத்தி வாசலிலேயே மெல்லிசாகத் தேன் நிறத்தில் கிடைக்கும். பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்து, மணல் பரப்பிய தட்டத்தில் குத்துங்கள். சுவரிலோ கல்லிலோ ஒட்டக்கூடாது. 800 ஆண்டுக் கல்லில் மெழுகுக் கறை இறங்கினால் எடுக்க வழியில்லை.

வெளியேறும்போது உள்ளூர்க்காரர்களைக் கவனியுங்கள். பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்தே வாசலுக்கு வருவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

பலரும் தயங்கும் இடம் கவித். கோயிலுக்கு முன்னால் ஒட்டிக் கட்டிய பெரிய மண்டபம் அது. கூடுவதற்கும் அடக்கம் செய்வதற்கும் பயன்பட்டது. தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், அவற்றின் மேல் நடந்துதான் போயாக வேண்டும். மிதிக்கிறோமே என்று சங்கடப்பட வேண்டாம். வருகிறவர்கள் பாதம் படட்டும் என்ற பணிவில்தான் வாசலில் புதைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கெகார்டில் 1215-இல் எழுந்த முதன்மைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். இடது கைப்பக்கம் மலையையே குடைந்த அறைகள் இருக்கின்றன, ஒன்றில் ஊற்று ஓடும். வெளிப்படி ஏறி ஒரு குறுகிய நடை வழியே போனால் 1288-ஆம் ஆண்டு மேல்கவித் வரும். தூண், கூரை எல்லாம் ஒரே பாறை, மேலிருந்து கீழாகக் குடைந்தது. தளத்தில் ஒரு மூலையில் கீழ் அறையைப் பார்க்கும் ஓட்டை இருக்கிறது. மெதுவாக ஒரு சுருதி பிடித்துப் பாருங்கள், குரல் நின்ற பிறகும் அறை பாடிக்கொண்டிருக்கும். வழிபாடு நடக்காத நேரமாக இருக்கட்டும்.

நோராவாங்கில் கவித்தின் சன்னலுக்கு மேலே பாருங்கள். பிதாவாகிய கடவுளையே பெரிய தலையும் பாதாம் வடிவக் கண்ணுமாகச் செதுக்கியிருக்கிறார்கள், கிறித்தவக் கலையில் அபூர்வம்.

#9 சுண்ணாம்புக்கல்

கட்டுமானத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தச் சுவர்கள் முழுக்கல் இல்லை. உள்ளேயும் வெளியேயும் செதுக்கிய டஃப் பலகை, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டிய நிரப்பு. டஃப் என்பது எரிமலைச் சாம்பல் இறுகியது, வெட்டும்போது மென்மை, எடை குறைவு. நாளாக ஆகப் பலகை உதிர்ந்தாலும் நடுச்சுவர் ஒற்றைப் பாறைபோல நிற்கும். இடிபாடுகளில் தோலுரிந்த சுவராகத் தெரிவது அந்த நடுப்பகுதிதான்.

கார்னி மட்டும் வேறு: கருங்கல் போன்ற பசால்ட். 1679 நிலநடுக்கத்தில் விழுந்ததை 1969 முதல் 1975 வரை திரும்ப நிறுத்தினார்கள். காணாமல்போன கற்களுக்குப் பதிலாக வைத்தவை செதுக்கலே இல்லாமல் வெறுமையாக இருக்கும். எது பழசு எது புதுசு என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

#10 பாரிமுனை_வாசி

நோராதூஸில் கல்சிலுவைகள் நிறைய என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

#11 கல்_வாசிப்பு

கச்கார்: கச் என்றால் சிலுவை, கார் என்றால் கல். செதுக்கிய முகம் மேற்கு பார்த்து நிற்கும், வணங்குகிறவர் கிழக்கு பார்ப்பார். அதனால் காலையில் முகம் நிழலில் கிடக்கும். மதியம் 3 மணிக்கு மேல், வெயில் சாய்ந்து விழும்போது போனால்தான் செதுக்கலின் ஆழம் தெரியும். செலிம் வழியாக வந்தால் நேரம் தானாகவே பொருந்தும்.

கீழே வட்ட ரோஜாச் சக்கரம், அதிலிருந்து முளைத்த சிலுவை, இருபுறமும் மேலெழும் இலைகள், ஓரத்தில் திராட்சையோ மாதுளையோ. பெரும்பாலும் ஏசுவின் உருவம் இருக்காது. சிலுவையே தளிர்விடும் மரம். நோராதூஸில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. தொட்டில் வடிவக் கல்லறைகளின் பக்கவாட்டில் ஏர் உழுகிறவர், கல்யாணக் காட்சி, தோனிர் அடுப்பு எல்லாம் செதுக்கியிருக்கும். ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்திருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், கல்லின் தோலும் கூடவே வந்துவிடும்.

நுணுக்கத்துக்கு கோஷாவாங்கில் 1291-இல் போகோஸ் செதுக்கிய கல். நூல் பின்னல் போல இரண்டு மூன்று அடுக்கு ஆழத்தில் வெட்டியிருக்கிறார், இரண்டு சதுரத்தில் ஒரே கோலம் திரும்ப வரவில்லை. ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைக்காமல் கண்ணால் தொடருங்கள். நம் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு அதில் ஒரு மணிநேரம் போவதே தெரியாது.

அஜர்பைஜானின் நாக்சிவான் பகுதியில், பழைய ஜுகா இடுகாட்டில் ஆயிரக்கணக்கில் நின்ற கச்கார்கள் 1998-க்கும் 2005-க்கும் இடையில் உடைத்து அழிக்கப்பட்டன. முன்னமே வேறு இடத்துக்குப் போன சில கற்கள் மட்டும் மிச்சம், எச்மியாட்சின் வளாகத்தில் ஓரிரண்டு பார்க்கலாம். அந்தக் கற்களின் முன் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

#12 அடுப்பங்கரை

லவாஷ். 2014-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது, செய்முறை மட்டுமல்ல, கூடிச் செய்யும் வழக்கமும் சேர்த்து.

அங்கே நடப்பது இது. தோனிர் என்பது தரையில் புதைத்த மண் அடுப்பு, வாய் குறுகி வயிறு அகன்ற பானை மாதிரி. திராட்சைக் கொடிச் சுள்ளியோ விறகோ எரித்து, தீ அடங்கித் தணலாகும் வரை காத்திருப்பார்கள். முதலில் சுவர் புகையேறிக் கறுக்கும். சூடு ஏற ஏறக் கரி எரிந்து சுவர் வெளுக்கும், அதுதான் பதம். ஒருவர் மாவைத் தேய்ப்பார், ஒருவர் கைமாற்றிக் கைமாற்றி வீசி நீட்டி, பதாத் என்ற நீளத் திண்டின் மேல் விரிப்பார். இன்னொருவர் திண்டோடு குனிந்து சுவரில் அறைவார். அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். இரும்புக் கொக்கியால் உரித்தெடுத்து அடுக்குவார்கள். யெரெவானிலிருந்து கார்னி போகும் வழியில் வாசலிலேயே இதைப் பார்க்கும்படி வைத்திருக்கும் வீடுகளும் உணவகங்களும் உண்டு. காலையில் போனால் அடுப்பு வேலையில் இருக்கும்.

வீட்டுக்கு இந்த அளவு: மைதா 350 கிராம், சலித்த கோதுமை மாவு 150 கிராம், உப்பு 10 கிராம், தண்ணீர் 300 மில்லி, முந்தைய நாள் பிசைந்து புளித்த மாவு 100 கிராம். பழைய மாவு இல்லாவிட்டால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். எண்ணெய் வேண்டாம். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, மூடி, நம் ஊர் வெக்கையில் ஒன்றரை மணிநேரம். பிறகு 75 கிராம் உருண்டைகள், 12 வரும். அவற்றை ஈரத்துணி மூடி இன்னும் அரை மணி விடுங்கள். 28, 30 செ.மீ. வட்டமாகத் தேய்த்தால் கனம் 1 மி.மீ. வரும். இரும்புக் கடாயைக் கவிழ்த்துப் பெரிய தீயில் காயவைத்து, மாவை அதன் முதுகில் இழுத்து விரியுங்கள். கொப்புளம் பழுக்க 40 நொடி, திருப்பி 15 நொடி. எடுத்ததும் துணிக்குள்.

#13 மாவு_கை

என் மாவு தேய்த்தால் சுருங்கிக்கொண்டே போகிறது. சுட்டால் அப்பளம் போல முறிகிறது. எங்கே தவறு?

#14 அடுப்பங்கரை

சுருங்குவதற்குக் காரணம் உருண்டைக்கு ஓய்வு போதவில்லை. இழுத்தால் திரும்ப ஓடுகிறது என்றால் விட்டுவிட்டு இன்னும் 15 நிமிடம் கழித்துத் தொடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கிழியும்.

முறிவது தீ குறைவால். கல் சூடு போதாவிட்டால் கொப்புளம் எழும் முன்பே ஈரம் முழுக்க ஆவியாகிப் பலகையாகிவிடும். தண்ணீர் சொட்டு விட்டால் உருண்டு ஓட வேண்டும், அந்தச் சூடு. தூவுமாவு அதிகமானாலும் இதே கதி. அது கருகிக் கசப்பும் தரும். தோனிரில் இன்னொன்று நடக்கும்: மாவு சுவரில் ஒட்டாமல் தணலில் விழும். சுவர் சூடு குறைந்திருந்தால் வழுக்கும், மிஞ்சிவிட்டால் ஒட்டும் முன்பே அடிப்பக்கம் கருகிப் பிரியும்.

முறிந்த லவாஷ் வீணில்லை. காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது, குளிர்காலத்துக்கு அப்படித்தான் சேமித்தார்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றிவைத்தால் மறுபடி துணிபோல மடங்கும். தெளிப்பதுதான், நனைப்பதில்லை. நனைத்தால் கூழாகும்.

திருமணத்தில் மணமக்கள் வாசலுக்கு வந்ததும் தோளில் ஆளுக்கொரு லவாஷைப் போர்த்துவார்கள், வீட்டில் நிறைவு இருக்கட்டும் என்று. அதைக் கீழே போடக்கூடாது. ரொட்டியைத் தலைகீழாக வைக்கவும் மாட்டார்கள், மேசையில் இருந்தால் கவனியுங்கள்.

#15 ஒத்து_நாதம்

தூதுக் என்ற ஆர்மீனியக் குழல் வாங்க நினைக்கிறவர்களுக்கு. யெரெவான் வெர்னிசாஜ் சந்தையில் சனி, ஞாயிறு நிறைய கிடைக்கும். ஆப்ரிகாட் மரத்தில் செய்தது. முன்பக்கம் 8 துளை, பின்பக்கம் பெருவிரலுக்கு ஒன்று. நாதஸ்வரம் தெரிந்தவர்களுக்கு விளக்குவது சுலபம்: உயிர் சீவாளியில்தான். தூதுக்கின் சீவாளி அகலம், பத்து செ.மீ.க்கு மேல் நீளம். குழல் நன்றாக இருந்து சீவாளி மோசமானால் காசு வீண்.

தனியாக வாசிப்பதில்லை, இருவர் வேண்டும். ஒருவர் மெட்டை வாசிக்க, மற்றவர் "தாம்" என்ற ஒரே சுரத்தை மூச்சு அறாமல் பிடிப்பார், கன்னத்தில் காற்றைச் சேர்த்துக்கொண்டு மூக்கால் இழுத்து. நம் ஒத்துக்காரர் வேலை அப்படியே.

அலங்காரத்துக்கு விற்கும் குழல்களில் சுருதி சேராது. கடையில் "லா" சுருதியில் இருக்கிறதா என்று ஒலிக்கச் சொல்லி, கைப்பேசி ட்யூனரில் பாருங்கள். சீவாளியைத் தண்ணீரில் சொட்டவிட்டு, உதறி, 15 நிமிடம் விட்டால் வாய் திறக்கும். காய்ந்தபடியே ஊதினால் சத்தமே வராது, பலர் இதனாலேயே பழுது என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். வாய் மிஞ்சித் திறந்தால் கூடவே வரும் மரக்கவ்வியை மாட்டிவையுங்கள். சென்னை ஈரத்தில் கவ்வி கழற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

பழைய கம்பளம் வாங்கினால் கல்வி, அறிவியல், கலாசார, விளையாட்டு அமைச்சின் ஏற்றுமதிச் சான்று தேவைப்படும். விற்பவரிடம் அப்போதே கேளுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் பயனில்லை.

#16 ஜார்ஜ்டவுன்_நடை

கிளம்பும் முன் இங்கேயே ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். பாரிமுனைக்கு அருகே ஆர்மீனியன் தெரு, மக்கள் வாயில் "அரண்மனைக்காரன் தெரு". அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. "ஆர்மீனியன்" என்பதுதான் அப்படித் தேய்ந்தது. அங்கே 1772-இல் எழுந்த கன்னிமரியாள் கோயில் நிற்கிறது. மணிக்கூண்டு தனியாக, ஆறு மணிகளோடு. முற்றத்தில் தரையோடு தரையாகப் பதித்த கல்லறைப் பலகைகளில் ஆர்மீனிய எழுத்து. கல்_வாசிப்பு சொன்ன கவித் தரையை முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம்.

உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் "அஸ்தரார்" அச்சானது யெரெவானில் அல்ல, மதராசில். 1794-இல் பாதிரியார் ஹருத்தியுன் ஷ்மாவோனியான் தொடங்கினார், 1796 வரை 18 இதழ் வந்தது. அவர் கல்லறையும் அந்த முற்றத்திலேயே. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். இன்று அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம். பரங்கிமலைப் படிகளும் அவர் கொடை.

மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் 405-இல் எழுத்தை அமைத்தார், 36 எழுத்து, பிறகு இரண்டு சேர்ந்தன. யெரெவானில் மாட்டெனதாரான் சுவடி நூலகத்தில் அந்த எழுத்தின் பழைய வடிவங்களைப் பார்க்கும்போது, இந்த முற்றத்துக் கல்லில் பார்த்தவை அடையாளம் தெரியும்.

#17 கோதுமை_நிறம்

சைவப் பெற்றோருக்காக ஒன்று முன்னரே சொல்லிவிடுங்கள். கெகார்ட் போன்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆடோ சேவலோ கொண்டுவந்திருப்பதைப் பார்க்கலாம். அது மதாஹ், நேர்ச்சை. நோய் தீர்ந்தது, விபத்தில் பிழைத்தது, இறந்தவர் நினைவு என்று கொடுப்பார்கள். பலி என்பதைவிட அன்னதானம் என்றால் கருத்துக்கு நெருக்கம். குருவானவர் முதலில் ஆசீர்வதிப்பது உப்பை. அந்த உப்பு மட்டும் போட்டு, வேறு மசாலா எதுவும் இல்லாமல் தண்ணீரில் வேகவைத்து, அன்றே பங்கிட்டுக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். சேவல் என்றால் 3 வீடு, ஆடு என்றால் 7, காளை என்றால் 40 என்று கணக்கு. மிச்சம் வைத்தால் நேர்ச்சை நிறைவேறாது. லவாஷில் சுற்றி உங்கள் கையிலும் நீட்டக்கூடும். வேண்டாம் என்றால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலைசாய்த்தால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்க்கவே வேண்டாம் என்றால் கெகார்டை வார நாளில் வையுங்கள்.

#18 மழைத்துளி

நான் ஜூலையில் போகலாமா என்று யோசிக்கிறேன். வர்தவார் எப்போது?

#19 மலைப்பாதை

ஈஸ்டருக்கு 98 நாள் கழித்து வரும் ஞாயிறு. 2026-இல் ஜூலை 12, 2027-இல் ஜூலை 4. விடிந்தது முதல் தெருவில் யார் மேலும் யாரும் தண்ணீர் ஊற்றலாம், கோபிக்கக்கூடாது. பால்கனியிலிருந்து வாளியோடு வரும். கடவுச்சீட்டு, கைப்பேசி எல்லாம் நீர்புகாத உறையில். அன்று ஊர் மாறும் பயணம் வைக்காதீர்கள், கார் சன்னலைத் திறந்தால் உள்ளேயும் வரும். யெரெவான் ஜூலையில் 35 டிகிரிக்கு மேல் போகும், அதனால் நனைவது சுகம். செவான் 1,900 மீட்டர், அங்கே மாலை நனைந்தால் நடுக்கம்.

அந்த மாதத்தில் போகிறவர்களுக்கு ஆப்ரிகாட் பழம் கிடைக்கும்: ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரைதான். செப்டம்பர் கடைசிக்குத் திராட்சை, அத்தி. மாதுளை அக்டோபரில் குவியும். பாரிமுனை_வாசி, பயணத்தை ஒரு வாரம் தள்ளினால் அக்டோபர் முதல் சனிக்கிழமை அரேனியில் திராட்சைமது விழா நடக்கும். கூட்டமும் கூடும் என்பதால் பெரியவர்களுக்காக நான் தள்ளமாட்டேன்.

#20 பாரிமுனை_வாசி

தள்ளவில்லை. கெகார்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன். கடைசியாக, காபி எப்படிக் கேட்பது? அப்பாவுக்குக் காலையில் அது இல்லாமல் முடியாது.

#21 அடுப்பங்கரை

"சூர்ச்". பில்டர் காபி எதிர்பார்த்துப் போகாதீர்கள், பால் இல்லாமல் சிறு கிண்ணத்தில் வரும். நீளக் கைப்பிடிச் செம்பில் ஒரு கிண்ணத்துக்கு 70 மில்லி குளிர்ந்த நீர், மாவுபோல அரைத்த பொடி குவித்து ஒரு தேக்கரண்டி, சர்க்கரையும் அப்போதே. சிறு தீ. நுரை விளிம்பைத் தொடும்போது எடுத்துவிட வேண்டும், கொதித்தால் நுரை உடைந்து கசக்கும். சர்க்கரை பிறகு சேர்க்க முடியாது, கலக்கினால் மண்டி எழும்பிவிடும், அதனால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: "கட்சர்" இனிப்பு, "மிஜின்" நடுத்தரம், "தாரன்" சர்க்கரை இல்லாமல். கடைசி ஒரு வாய் மண்டி, குடிக்கக்கூடாது. கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து வைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கோடு பார்க்கிற பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், அப்பா கிண்ணத்தையும் வாங்கிக்கொள்வார்.

பாலுக்கு: "காத்". சூடாகத் தனிக் கோப்பையில் கேட்டால் கொடுப்பார்கள்.